ஆடி அமாவாசையில் ஏழு கார்கள்

காணாமற்போன ஆளைத் தேடச்சொல்லி வருகிறவர்கள் வழக்கமாக ஒரு படத்தைக் கொண்டுவருவார்கள். கூடவே கொஞ்சம் கண்ணீரையும். திலக்ஷன் கொண்டுவந்தது ஓர் அட்டவணை. கண்ணீருக்குப் பதிலாக நல்ல விலையுயர்ந்த வாசனைத் தைலம் அடித்திருந்தார்.

கண்டி நகரத்துக் கொழும்பு வீதியில், துணிக்கடைக்கு மேலே இருந்த அந்த ஒற்றை அறைக் காரியாலயத்தில் மூன்றே கதிரைகள். ஒன்றில் கஜலட்சுமி. புசல்லாவைக்காரி. பதினெட்டு வருடம் காப்புறுதி நிறுவனத்துக்காக இடிபட்ட வாகனங்களைப் பார்வையிட்டவர். சொந்தக்காரர்கள் சொன்ன பொய்களைக் கேட்டுக் கேட்டு, யாராவது உண்மை பேசினால் திடுக்கிடும் நிலைக்கு வந்தபிறகு வேலையை விட்டுத் துப்பறியத் தொடங்கினார். இரண்டாவது கதிரையில் திலக்ஷன். மூன்றாவதற்கு ஒரு கால் ஆட்டம் என்பதால் அது உதவியாளன் ஷிஹாபுக்கு. அலவத்துகொடையிலிருந்து தினமும் ஓட்டோவில் வந்து, அதில் ஆடி ஆடி உட்கார்ந்து பழகிவிட்டிருந்தான்.

கீழே சந்தியில் பெரஹெரா ஊர்வலம் பார்க்க இப்போதே பாய் விரித்து இடம் பிடித்திருந்தார்கள். நாளை போயா, பௌர்ணமி விடுமுறை. ஊரெல்லாம் சனம்.

"போன மாசம் கண்டி மாவட்டத்தில பதிவான நிம்போ கார்கள்," என்று அட்டவணையை மேசையில் விரித்தார் திலக்ஷன்.

நிம்போ என்பது வெளிநாட்டிலிருந்து இறங்கும் குட்டி மின்சாரக் கார். அளவில் ஓர் அலுமாரி. சத்தத்தில் அலுமாரியைவிடக் குறைவு. அலுமாரிக் கதவாவது கிறீச்சிடும். திலக்ஷன் அதை இறக்கி பேராதனை வீதியில் விற்கிறவர். எந்தக் கார், எந்தத் திகதியில், எந்த ஊரில், எத்தனை பதிவாயிற்று என்று மாதாமாதம் ஓர் அட்டவணை தயாரித்து முந்நூறு நிறுவனங்களுக்கு அனுப்புகிறவரும் அவரே. அனுப்புவது மட்டும் அவர். தயாரிப்பது சுதர்சினி. அந்தச் சுதர்சினியைத்தான் ஆறு நாட்களாகக் காணவில்லை.

"மொத்தம் முப்பத்தெட்டு. அதில இந்த ஏழைப் பாருங்க மேடம். ஏழும் ஜூலை இருபத்து நாலு. ஏழும் ஹந்தானையில ஒரே தோட்டத்து லயம். கொழுந்து எடுக்கிற ஆக்கள் பேர்ல ஏழு புதுக் கார்!"

"ஒரு ஆளு வருசத்துக்கு ஒரு வண்டிதான் இறக்கலாம்," என்றார் கஜலட்சுமி. "ஏழு இறக்க ஏழு பேரு வேணும்."

"அதேதான். சுதர்சினி அந்த லயத்துப் பிள்ளை. அங்க உள்ள எல்லாரின்ட அடையாள அட்டைக் கொப்பியும் அவ கையில. எனக்குத் தெரியாம செஞ்சிட்டு ஓடிட்டா. நான் பாருங்க, பத்து வயசிலயே லண்டன் போனவன். நல்ல நாள், நட்சத்திரம் எல்லாம் எனக்கு விளங்காது. பதிவுத் திகதி எடுக்கிறது முழுக்க அவவின்ட பொறுப்பு. அவ்வளவு நம்பினன்."

"கூட்டாளி யாராவது?"

"கணேஸ்னு ஒருத்தன். துறைமுகத்தில எங்கட கார்களை எடுக்கிற கிளார்க். போன வெள்ளிக்கிழமை ஹந்தானை வளைவில காரோட பள்ளத்தில போயிட்டான்." திலக்ஷன் கவலைப்பட்டார். கவலைப்பட்டு முடித்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அவ இருக்கிற இடம் தெரிஞ்சா எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க. பொலிசுக்குச் சொல்லவேணாம். நானே கூட்டிட்டுப் போறன். பாவம், பொம்பிளைப் பிள்ளை."

அவர் போனபிறகும் வாசனைத் தைலம் அரை மணிநேரம் உட்கார்ந்திருந்தது.

"எனத்த மிஸ், பேப்பர அப்பிடி முறைக்கிறீங்க?" என்றான் ஷிஹாப். "அது திருப்பி முறைக்காது."

"ஜூலை இருபத்து நாலு என்ன நாளு?"

"வியாழக்கிழமை."

"ஆடி அமாவாசை."

ஷிஹாப் மரியாதையாகக் காத்திருந்தான். அவனுக்கு அது இன்னொரு வியாழக்கிழமைதான்.

"எங்காளுங்க ஆடியில சைக்கிளுக்கு மணிகூட வாங்கமாட்டாங்க. இதப் பாரு." கஜலட்சுமியின் பேனா அட்டவணையில் மேலிருந்து கீழே இறங்கியது. "ஜூலை பதினாறு வரைக்கும் இருபத்திரண்டு காரு. ஆடி பொறக்க முந்தி எடுத்துடணும்னு புசல்லாவை, கம்பளைன்னு ஓடியிருக்காங்க. பதினேழாந் திகதி ஆடி ஒண்ணு. அதுக்கப்புறம் மாசக் கடைசி வரைக்கும் பதினாறு. இந்த ஏழக் கழிச்சா ஒம்பது. ஒம்பதும் எங்க? அக்குறணை, மாவனல்லைப் பாதை, கட்டுகஸ்தோட்டை. எங்காளுங்க இருக்கிற பக்கம் ஒண்ணுகூட இல்ல."

"எங்க வாப்பா வேன் எடுத்ததும் ஆடியிலதான் மிஸ். ஷோரூம்ல ஈ காக்கா இல்லையாம். கேக்கெல்லாம் குடுத்து, கதவு வரைக்கும் வந்து வழியனுப்பினாங்களாம்."

"அப்படி இருக்க, லயத்துல ஏழு வீடு. ஒரே நாளு. அதுவும் அமாவாசை, செத்தவங்களுக்குப் படைக்கிற நாளு."

ஷிஹாபின் மூளை பற்றிக்கொண்டது. பற்றினால் அதைவிட வேகமாக வாய் ஓடும். "அப்ப இது சுதர்சினி செஞ்ச வேல இல்ல மிஸ்! லயத்துப் பிள்ளைக்கு ஆடி தெரியாம ஈக்குமா? ஆடி தெரியாத ஆரோ ஒருத்தன் செஞ்சிட்டு அவட தலையில போட்டீக்கான். கேஸ் முடிஞ்சி. நான் டீ எடுத்துட்டு வாரன்."

"ம்," என்றார் கஜலட்சுமி. அவருடைய 'ம்' எந்தப் பக்கமும் சாயாது. "டீ பொறவு. ஓட்டோவ எடு."

ஹந்தானை மலைக்கு ஏறும் பாதையில் மூன்று மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டிருந்தது. ஓட்டோவின் சத்தம் முன்னால் போய்ப் பனியில் மோதி, திரும்பி அவர்கள் காதுக்கே வந்தது. நாலாவது வளைவில் கஜலட்சுமி நிறுத்தச் சொன்னார். பாதையோர மதிற்கல் ஒன்று பெயர்ந்து கிடந்தது. அதற்கு அப்பால் உன்னிச் செடிகள் இரண்டு சக்கர அகலத்தில் படுத்திருந்தன. அதற்கும் அப்பால் வெள்ளை. பள்ளம் எவ்வளவு ஆழம் என்று பனி சொல்லவில்லை.

"கணேஸ் போன இடம்," என்றார். குனிந்து தார் வீதியைப் பார்த்தார். "நேரே போயிருக்கு. பயந்த மனுசன் கடைசி நிமிசத்துல ஸ்டியரிங்க ஒடிப்பான், பிரேக்க மிதிப்பான். ஒரு கோடாவது விழும். இங்க ஒரு கீறலும் இல்ல. கார் ஓடும்போது அவன் பயப்படல. இல்லாட்டி, பயப்படுற நெலமையில அவன் இல்ல."

ஷிஹாப் ஓட்டோப் பக்கம் இரண்டடி நகர்ந்தான். இந்த மாதிரி நேரங்களில் அவன் ஏதாவது உபயோகமான வேலை செய்வான். பிரச்சினை அங்கேதான் தொடங்கும். கைப்பேசியை எடுத்து திலக்ஷனுக்கு ஒரு வரி போட்டான்: 'ஹந்தானை லயத்துக்குப் போறோம் சேர்.' கூடவே ஒரு கட்டைவிரல்.

ஏழு கார்ச் சொந்தக்காரர்களில் முதலாவது பெயர் முத்துலிங்கம். தேயிலைத் தொழிற்சாலையில் இரவுக் காவல், பகலில் வீட்டில். ஐம்பத்தெட்டு வயது. தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டிய லயத்தின் கடைசி அறைக்கு முன்னால், வெந்நீர் டம்ளரோடு நின்றிருந்தார். அவருடைய வாசலில் மூன்று பெண்கள் சும்மா நின்றார்கள். ஓட்டோவைக் கண்டதும் மூவரும் ஒரே நேரத்தில் கையில் இருந்த எதையோ முந்தானைக்குள் சொருகினார்கள்.

"அண்ணே, உங்க பேர்ல ஒரு புது மின்சாரக் காரு இருக்குது," என்றார் கஜலட்சுமி.

முத்துலிங்கம் வெந்நீரை நிதானமாகக் குடித்து முடித்தார். "எங்க நிறுத்தியிருக்கேன்?"

"அது தெரியல."

"லயத்துல கோழிக்கே எடம் பத்தல. காரு நின்னா கண்ணுல பட்டிருக்கும்."

அவர் மனைவி கலாராணி உள்ளேயிருந்து எட்டிப்பார்த்தாள். "யாருங்க இவங்க? சுதர்சினிப் புள்ளயப் பத்தின்னா எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. அது இங்க இல்ல."

"நாங்க இன்னும் சுதர்சினின்னு வாய் தொறக்கல்லையே ராத்தா," என்றான் ஷிஹாப்.

கலாராணி கணவனைப் பார்த்தாள். கணவன் டம்ளருக்குள் பார்த்தார்.

கஜலட்சுமி வாசலில் நின்ற மூன்று பெண்களிடம் திரும்பினார். "முந்தானையில என்ன? பிறப்புச் சான்றிதழ்ப் படிவமா, வீட்டுத்திட்டமா?"

"வீட்டுத்திட்டம்," என்றாள் ஒருத்தி. சொன்ன கையோடு நாக்கைக் கடித்தாள்.

இந்த லயத்தில் பதினாறு வருடமாக எல்லாருடைய படிவத்தையும் சுதர்சினிதான் நிரப்புகிறாள். பத்து வயதில் தொடங்கியது. அவளை ஒளித்துவைத்து உயிரைக் காப்பாற்றுவது என்று லயம் முழுவதும் ஒரே மனதாக முடிவெடுத்திருந்தது. எடுத்த முடிவில் மாற்றமில்லை. அதற்காகக் கடைசித் திகதி நெருங்கும் படிவத்தை யார் நிரப்புவது? ஆகவே, சுதர்சினி 'இல்லாத' அந்த அறைக்கு முன்னால் ஆறு நாட்களாக வரிசை நின்றது.

"சுதர்சினி," என்று கஜலட்சுமி உள்ளே பார்த்துச் சொன்னார். குரல் இறங்கியிருந்தது. "நான் புசல்லாவைதான். ஆடி அமாவாசைன்னு நீ எழுதினதப் படிச்சிட்டுத்தான் வந்திருக்கேன்."

பிறகு அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து, மெலிந்த ஒரு பெண், காதில் பேனாவோடு வெளியே வந்தாள்.

"ஒரு நிமிசம் மிஸ்," ஷிஹாப் குழம்பினான். "ஆடி தெரியாத ஆளுதானே அந்தத் திகதிய..."

"பதிவுத் திகதி எடுக்கிறது யாருன்னு திலக்ஷன் சொன்னாரு?"

"சுதர்சினி..." என்றான் ஷிஹாப்.

"ஆடி தெரியாதவன் ஏதாவது ஒரு நாளக் குடுப்பான் ஷிஹாப். முப்பது நாள்ல இருக்கிறதுலயே ஆகாத ஒரு நாளத் தேடி எடுக்க, தெரிஞ்ச ஆளாலதான் முடியும். இது தவறிப்போய் விழுந்ததில்ல. அவ போட்ட கூப்பாடு."

சுதர்சினி நிலத்தில் உட்கார்ந்தாள். "வீட்டுத்திட்டத்துக்குன்னு ஆபீஸ் மெஷின்ல இவங்க அட்டைய எல்லாம் கொப்பி எடுத்தேன். அதுல ஏழ அவரு எடுத்துக்கிட்டாரு. நான் பேசினா மொதல்ல உள்ள போறது முத்துலிங்கம் மாமாவும் இவங்களும்தான்னாரு. பொறவு, 'நல்ல நாளாப் பாத்து ஒரு தேதி குடு, யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது'ன்னு கேட்டாரு. அமாவாசையக் குடுத்தேன். ரொம்ப தேங்க்ஸுன்னாரு." அவள் சிரிக்கவில்லை. "அட்டவணை முந்நூறு எடத்துக்குப் போகும். நம்மாளு ஒருத்தராவது பாத்துட்டு, இதென்ன அநியாயம்னு ஒரு போன் எடுப்பாங்கன்னு இருந்தேன். கணேஸ் அண்ணன் மட்டும் அவருகிட்டயே கேட்டாரு."

"எப்ப?"

"வியாழக்கெழம கேட்டாரு. வெள்ளிக்கெழம அவரு இல்ல."

மூடுபனி வாசல்வரை வந்து, உள்ளே வரலாமா என்று யோசிப்பதுபோல் நின்றது.

"ஷிஹாப்," என்றார் கஜலட்சுமி. "நாம இங்க வந்தது யாருக்காவது தெரியுமா?"

ஷிஹாபின் சட்டைப்பையில் கைப்பேசி கல்லாகக் கனத்தது. அவன் பதில் சொல்லவேண்டி வரவில்லை. வாசலில் நின்ற பெண்களில் ஒருத்தி, "இது எப்ப வந்துச்சு?" என்றாள்.

பத்தடி தூரத்தில் ஒரு வெள்ளை நிம்போ நின்றது. ஒரு கல் நெரிபடவில்லை, ஓர் ஒலி எழவில்லை. இப்போதுதான் வந்ததா, அவர்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றதா, யாருக்கும் தெரியவில்லை. கதவு திறந்தது. காற்றில் முதலில் வாசனைத் தைலம் வந்தது, பின்னால் திலக்ஷன்.

"நல்ல வேலை மேடம்," என்றார். ஷிஹாபைப் பார்த்துத் தன் கட்டைவிரலை உயர்த்தினார். ஷிஹாப் வாழ்க்கையில் முதற்தடவையாகத் தன் விரல்களை வெறுத்தான். "சுதர்சினி, வாங்க போவோம். கீழ போய் எல்லாத்தையும் பேசி முடிப்போம்."

"ஏறாத," என்றார் கஜலட்சுமி.

"மேடத்தின்ட வேலை முடிஞ்சுது." திலக்ஷனின் குரலில் பால் வடிந்தது. "சுதர்சினி வரமாட்டன்னா, நான் வற்புறுத்த மாட்டன். பொலிசுக்கு ஒரு கோல். ஏழு காரும் ஏழு பேர் பேர்ல. கையெழுத்து இருக்கு, அடையாள அட்டை இருக்கு. முதல் விலங்கு இந்த ஐயாவுக்கு. இந்தா, நான் வந்த இந்தக் காரே இவர் பேர்லதான் ஓடுது."

சுதர்சினி எழுந்தாள். மூலையில் கிடந்த துணிப்பையை எடுத்துக்கொண்டாள். கலாராணி அவள் கையைப் பிடித்தாள். அவள் மெல்ல விலக்கினாள்.

"மாமாவ கூட்டிட்டுப் போனா இந்த வயசுல தாங்கமாட்டாரு, மிஸ். நான் போறேன்."

கீழே போகும் பாதை ஒன்றே ஒன்று. அதில் நாலாவது வளைவில் மதிற்கல் இன்னும் பெயர்ந்தே கிடக்கிறது. ஷிஹாப் குறுக்கே போய் நின்றான். நின்றபிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவனிடம் இருந்த ஆயுதம் வாய் ஒன்றுதான், அது காய்ந்திருந்தது.

அப்போது முத்துலிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இருங்க. இந்தக் காரு என் பேர்லயா?"

"உங்கட பேர்லதான். அதைத்தானே சொல்றன்," என்றார் திலக்ஷன்.

"கையெழுத்து, அட்டை, எல்லாம் செல்லுமா?"

"கோர்ட்டுக்குப் போனாலும் செல்லும்."

"அப்ப எட்டி நில்லுங்க தொர." முத்துலிங்கம் வாசலிலிருந்து இறங்கினார். "என் காருல யாரு ஏறணும், யாரு ஏறக்கூடாதுன்னு நான்ல சொல்லணும்."

யாரோ ஒருத்தி சிரித்தாள். கொழுந்து நிறுத்துவிட்டு வந்துகொண்டிருந்த பெண்கள் கூடையோடு அப்படியே நின்றார்கள். "என் பேர்லயும் ஒண்ணு இருக்காமே, அது எங்க தொர?" என்றாள் அவர்களில் ஒருத்தி. பாதை அவர்களால் நிறைந்தது. திலக்ஷனும் சிரித்தார், ஆனால் ஓர் அடி பின்வாங்கியே சிரித்தார்.

முத்துலிங்கம் தன் சொத்தைச் சுற்றிவந்தார். சக்கரத்தை ஒரு தட்டுத் தட்டினார். கண்ணாடியில் முகம் பார்த்தார். சாரதி இருக்கையில் கிடந்த, சாவிக்குப் பதிலான திறப்பு அட்டையை எடுத்து, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பிறகு பின்பக்கம் போனார்.

"பின்னால திறக்கவேணாம்!"

அதுவரை பால் வடிந்த குரல் அது. லயத்தின் மறுகோடியில் இருந்த கோழிகள்கூடச் சிதறின.

முத்துலிங்கம் திறந்தார்.

உள்ளே ஒரு வெள்ளைச் சுருள் இருந்தது. வேறொன்றும் இல்லை. புது மையின் வாசனை வந்தது. ஒரு முனையை ஷிஹாப் பிடித்தான். மறுமுனையைக் கலாராணி பிடித்துக்கொண்டு நடந்தாள். இரண்டு ஆள் நீளம். கறுப்புக் கரை. நடுவில் ஒரு படம்.

ஷிஹாப் வாசிக்கத் தொடங்கினான். "கண்ணீர் அஞ்சலி. எமது நிறுவனத்தின் அன்புக்குரிய ஊழியர் செல்வி சுதர்சினி அவர்களின்... அகால மறைவையிட்டு..." அவன் குரல் அங்கங்கே வழுக்கியது. "மறைவு, ஆகஸ்ட் எட்டு."

"இன்னைக்கு ஏழு," என்றாள் கலாராணி.

கஜலட்சுமி திலக்ஷனின் பக்கம் திரும்பினார். விபத்துப் படிவத்தில் ஒரு விபரம் கேட்பது போலத்தான் கேட்டார்.

"நாளைக்குப் போயா. அச்சகம் பூட்டு. அதனால முன்கூட்டியே அடிச்சு எடுத்துட்டீங்க. சரிதானே?"

திலக்ஷன் பாதையைப் பார்த்தார். பாதையில் கூடைகள். மலைச்சரிவைப் பார்த்தார். அங்கே பனி. சட்டைக் கையில் இல்லாத தூசியைத் தட்டினார்.

ஷிஹாப் பொலிசுக்கு எடுத்தான். பெரஹெரா கடமை, எல்லாரும் வீதியில், வந்துசேர ஒரு மணித்தியாலம் ஆகும் என்றார்கள். முத்துலிங்கம் காரின் முன்கதவைச் சாத்தி, அதில் முதுகைச் சாய்த்து நின்றார். அவருக்கு இரவுக் காவல் பழக்கம். ஒரு மணித்தியாலம் பெரிதில்லை.

சுதர்சினி மட்டும் சுருளுக்குப் பக்கத்தில் குந்தினாள். தன் படத்தைப் பார்க்கவில்லை. மேலிருந்து கீழே, எழுத்துக்கு எழுத்து விரல் வைத்துக்கொண்டு போனாள். ஓரிடத்தில் விரல் நின்றது.

"பொறந்த தேதி சரியாத்தான் போட்டிருக்காரு," என்றாள்.